என் தரவில் ஊனமுற்றவர் ஒருவரும் இல்லை. பிறகு இந்தக் கோட்பாடு எனக்கு எதற்கு?

மூன்றாமாண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாவது வருஷம். உரையாடலில் பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் இடம்தான் என் வேலை. ஒருவர் முடிக்கிறார், அடுத்தவர் தொடங்குகிறார், நடுவில் எத்தனை மில்லி விநாடி போகிறது என்று அளப்பது. 1974-இல் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கிளை இது. 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், ஆம் இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகளுக்கு அந்த இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி அளவில் இருப்பதாகக் கண்டார்கள். மொழிக்கு மொழி பெரிய வித்தியாசமும் இல்லை. நான் 22 உரையாடல்களைப் பதிவு செய்தேன், 19 தேறியது, அளந்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு கருத்தரங்கில் கிரிட்டிக்கல் டிஸெபிலிட்டி ஸ்டடீஸ் பற்றி ஒருவர் பேசினார். தமிழில் எப்படிச் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை, இப்போதைக்கு விமர்சன ஊனவியல் என்று வைத்துக்கொள்கிறேன். ஊனம் என்பது ஓர் உடலுக்குள் கிடக்கும் பழுது மட்டும் இல்லை, எந்த உடலை அளவுகோலாக வைத்து உலகத்தையும் அறிவையும் கட்டியிருக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார். அந்தக் கேள்வியை எந்தத் துறைக்குள்ளும் கொண்டுபோகலாம் என்றும் சொன்னார். கேட்டதிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

என் வழிகாட்டியிடம் சொன்னேன். "அது சமூகப்பணிக்காரங்க பார்க்குற விஷயம்மா. உன் தரவில் அப்படி யாருமே இல்லையே? வேணும்னா முன்னுரையில ஒரு பத்தி போட்டுக்கோ" என்றார். கோபமாக இல்லை, நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் கேள்வி நேரானது. இது உண்மையிலேயே ஒரு துறையை மாற்றுமா, இல்லை புத்தகத்தின் கடைசியில் ஓர் அத்தியாயம் கூடுமா? உங்கள் துறையில் எங்கேயாவது மாற்றியிருந்தால் அந்த இடத்தைக் காட்டுங்கள். கொள்கை விளக்கம் வேண்டாம், அது நிறையப் படித்துவிட்டேன்.


வரைமேசை எழுதியது:

கட்டடக்கலை சொல்லித் தருகிறேன். கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே தன் "மாடுலர்" அளவுமுறைக்கு வைத்துக்கொண்ட மனிதனின் உயரம் 1.83 மீட்டர். ஆண், நேராக நிற்பான், ஒரு கையைத் தூக்கியிருப்பான். முதலில் 1.75 என்றுதான் வைத்திருந்தார்கள். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் மிடுக்கான போலீஸ்காரர்கள் எப்போதும் ஆறடி இருப்பார்களே என்று 1.83-க்கு ஏற்றினார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவரே எழுதிவைத்தது. கூரை எவ்வளவு உயரம், மேசை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அந்த ஆளின் தொப்புளிலிருந்தும் உச்சந்தலையிலிருந்தும் தூக்கிய கையிலிருந்தும் பிறந்தவை.

என் வகுப்பில் மாறியது ஒன்றே ஒன்று. மாணவர்கள் சாய்தளத்தை எப்போதும் கடைசி இரவில்தான் வரைவார்கள். பின்பக்கம், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு, விதி முடிந்தது. இப்போது கட்டடத்தை வரைய விடுவதற்கு முன்னாலேயே உள்ளே வரும் வழியை வரையச் சொல்கிறேன். படியும் சரிவும் வேறு வேறு வழியாகப் பிரிந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். முதல் பருவம் முழுக்கத் திட்டு வாங்கினேன்.


நாடிபார்ப்பவன் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். கொஞ்சம் கசப்பா சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. இந்தக் கோட்பாட்டுக்காரங்க பேசுறதைக் கேட்டா உடம்புன்னு ஒண்ணு இல்லவே இல்ல, எல்லாம் படிக்கட்டும் பார்வையும்தான்னு தோணும். என்கிட்ட வர்றவங்களுக்கு வலி இருக்கு. படிக்கட்டை இடிச்சுப் போட்டாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வலி இருக்கும். சமூகம் மாறணும், சரிதான். அதுக்காக மருத்துவத்தையே வில்லனாக்க வேண்டாம். முன்னுரையில ஒரு பத்தின்னு உங்க வழிகாட்டி சொன்னதுல எனக்குத் தப்பு தெரியல.


இருகை எழுதியது:

நீங்க மொழியியல்னு சொன்னதால எழுதறேன். நான் சைகைமொழி பெயர்ப்பாளர். அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் காது கேட்காது, அதனால எனக்கு முதல் மொழி கையிலதான் வந்துச்சு.

1960-ஐ மட்டும் பாருங்க. அந்த வருஷம் மொழியியலாளர் சார்ல்ஸ் ஹாக்கெட், மனித மொழிக்கு என்னென்ன இலக்கணம் இருக்கணும்னு 13 கூறுகளைப் பட்டியல் போட்டார். முதல் கூறு, வாயால சொல்லிக் காதால கேட்பது. அதே 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்கச் சைகைமொழிக்கும் பேச்சுமொழி மாதிரியே உள்ளமைப்பு இருக்குன்னு காட்டுற ஆய்வை வெளியிட்டார். கையின் வடிவம், அது இருக்குற இடம், அது அசையுற விதம்னு ஒவ்வொரு சைகையையும் பிரிச்சுக் காட்டினார். அவர் காது கேளாதோர் கல்லூரியில இங்கிலீஷ் இலக்கியம் சொல்லித்தரப் போனவர். கூட வேலை பார்த்தவங்களே முதல்ல அவரை மதிக்கல.

யார் ஜெயிச்சாங்கன்னு உங்களுக்கே தெரியும். இன்னிக்கு ஒலியே இல்லாத மொழிக்கு "ஒலியனியல்"னு பாடம் நடக்குது! பேரை மாத்தக்கூட யாருக்கும் நேரம் இல்ல. தமிழ்ல மொழிதல்னா சொல்லுதல், அதாவது மொழிங்கிற சொல்லே வாயைத்தான் காட்டுது. எங்க வீட்டைக் கேட்டா வேற சொல் வெச்சிருப்போம்.

உங்க அளவு விஷயத்துக்கு ஒரு கேள்வி. எங்க வீட்டுல ஒருத்தர் கை கீழே இறங்குறதுக்குள்ள அடுத்தவர் கை மேலே வந்திரும். பேச்சு முடிஞ்சது எப்போ? கடைசிச் சைகை முடியும்போதா, கை மடிக்கு வரும்போதா? எதுல இருந்து அளப்பீங்க?


நூல்கோடு எழுதியது:

மூன்றாமாண்டு, உங்கள் கேள்விக்குள்ளேயே ஓர் எண் இடறுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. படித்தது புள்ளியியல், பிழைப்பு சுகாதாரப் பொருளியல். கல்லூரியில் இயல்நிலைப் பரவல், அதாவது மணி வடிவ வளைவு, பாடம் நடந்த அன்று ஆசிரியர் கரும்பலகையில் வரைந்துவிட்டு, "இப்படி ஏறும், இப்படி இறங்கும்" என்றார். வகுப்பே தலையாட்டியது. எனக்கு அந்த "இப்படி" எப்படி என்று தெரியவில்லை. சாயங்காலம் ஒரு நண்பன் அட்டையில் பசை தடவி, சணல் நூலை வளைத்து ஒட்டிக் கொண்டுவந்தான். விரலை இடது ஓரத்தில் வைத்து நகர்த்தினேன். நடுமேடு நன்றாகத் தட்டுப்பட்டது. இறங்கி வலது ஓரத்துக்குப் போகப் போக, அவனுக்கு நூல் போதாமல் போயிருக்க வேண்டும், காய்ந்த பசை மட்டும் கையில் நெருடியது. "நம்ம இடம் வந்தாச்சு போல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். இங்கே என் பெயர் அந்த நூல்தான்.

அந்தக் கோடு மனிதர்கள்மீது எப்படி வந்து உட்கார்ந்தது என்பதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஒரே நட்சத்திரத்தைப் பலர் பல முறை அளந்தால் விடைகள் கொஞ்சம் கொஞ்சம் விலகும். அந்தப் பிழைகள் எப்படிப் பரவும் என்று காட்டத்தான் வானியலாளர்கள் அதை வைத்திருந்தார்கள். பெல்ஜியத்து வானியலாளர் கெட்லே அதைத் தூக்கி மனிதர்கள்மேல் போட்டார். 1835-இல் வந்த அவருடைய நூலில்தான் "சராசரி மனிதன்" பிறந்தான். பிறகு ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் மார்புச் சுற்றளவைப் பார்த்து, அதே வளைவு வருகிறது என்று பூரித்துப்போனார். இதில் உள்ள தாவலைக் கவனியுங்கள். நட்சத்திரம் ஒன்று, அளவுகள் பல. அதனால் அங்கே விலகல் என்றால் பிழை. சிப்பாய்கள் ஐயாயிரம் பேரும் ஐயாயிரம் வேறு வேறு ஆட்கள். ஆனாலும் பிழை என்ற வாசனை கூடவே வந்துவிட்டது, இயற்கை ஒரே மனிதனைக் குறிவைத்து எய்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தவறவிட்டதுபோல.

அடுத்து வந்த கால்ட்டனுக்கு நடு பிடிக்கவில்லை, வலது ஓரம்தான் பிடித்தது. மேலானவர்கள் என்று தான் கருதியவர்களைப் பெருக்கி மற்றவர்களைக் குறைக்கப் பார்த்த இனமேம்பாட்டியலுக்கு 1883-இல் பெயர் வைத்தவர் அவர்தான். சராசரியிலிருந்து அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்ட நான் தினமும் கணக்கிடும் திட்ட விலக்கத்துக்கு ஆங்கிலப் பெயரைக் கொடுத்த கார்ல் பியர்சன், 1911-இல் லண்டனில் இனமேம்பாட்டியலுக்கான முதல் பேராசிரியர். சூத்திரம் தப்பு என்று சொல்ல வரவில்லை, இன்றைக்கும் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது எந்த வேலைக்காகப் பட்டறைக்குள் வந்தது என்ற கதையைத்தான் நம் பாடப்புத்தகம் கழுவித் துடைத்துவிட்டது.

நடுவில் ஒரு சொல் விளையாட்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில "நார்மல்" லத்தீனில் தச்சனின் மூலைமட்டத்திலிருந்து வந்தது. வடிவியலில் இன்றும் அதற்குச் செங்குத்து என்றே பொருள், தமிழ்ப் பாடநூலில் செங்கோடு. "வழக்கமான, விலகாத" என்ற பொருள் ஆங்கிலத்தில் ஊன்றியது 1840 வாக்கில்தான் என்று ஊனவியல் ஆய்வாளர் லென்னர்ட் டேவிஸ் 1995-இல் எழுதினார். தமிழில் நாம் புள்ளியியலுக்கு வந்ததும் செங்கோட்டை விட்டுவிட்டு இயல்நிலை என்று பெயர்த்தோம். இயல்பு, இயல்நிலை, இயலாமை, கூடவே மொழியியல், பொருளியல் என்று நம் துறைகளின் வால். எல்லாம் ஒரே வேர். நான் மொழி அறிஞன் இல்லை, இதை நீங்கள்தான் தோண்ட வேண்டும்.

இனி என் துறைக்குள் நடந்தது. "டாலி" என்று ஓர் அளவு உண்டு. சீக்கிரம் செத்ததால் இழந்த ஆண்டுகளையும், நோயோடோ ஊனத்தோடோ வாழ்ந்த ஆண்டுகளையும் ஒரே எண்ணாகக் கூட்டுவது. 1990-களில் வந்தது. எந்த நோய்க்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வாதங்களில் இது பெரிய ஆயுதம். இதில் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எடை உண்டு. பூஜ்யம் என்றால் முழு ஆரோக்கியம், ஒன்று என்றால் சாவு.

வேலையில் சேர்ந்த புதிதில் அந்த அட்டவணையைத் திறந்தேன். என் ஸ்கிரீன் ரீடர் எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் படிக்கும், மின்னஞ்சலையும் மரண அறிவிப்பையும்கூட. வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, "பார்வையின்மை, பூஜ்யம் புள்ளி ஆறு" என்றது. அடுத்த வரிக்கும் போய்விட்டது. மேல்நோக்கி அம்புக்குறியை அழுத்தி மறுபடி படிக்கவைத்தேன். அந்தக் கணக்குப்படி நான் வாழ்ந்த ஒவ்வொரு வருஷத்திலும் பாதிக்கு மேல் கழிந்துபோயிருந்தது. அன்றைக்கு மதியம் நல்ல தூக்கம் வேறு போட்டிருந்தேன்.

2010-ஆம் ஆண்டுக்கான திருத்தத்தில் அதே எடை 0.195 ஆனது. மூன்றில் ஒரு பங்கு. நடுவில் என் கண்ணில் ஒன்றும் மாறவில்லை, கேள்வியும் கேட்கப்பட்ட ஆட்களும்தான் மாறியிருந்தார்கள். முதலில் சிறு சிறு சுகாதார நிபுணர் குழுக்கள், இத்தனை பேருடைய உயிரா, அத்தனை பேருடைய நலமா என்று பேரம்போட்டு எடை கட்டின. 2010-இல் ஐந்து நாடுகளின் பொதுமக்களிடமும் இணையம் வழியாகவும், இரண்டு ஆட்களைப் பற்றி விவரித்து, இவர்களில் யார் அதிக ஆரோக்கியம் என்று கேட்டார்கள். அந்த விவரிப்பைப் படித்தேன். முழுப் பார்வையின்மை என்பதோடு, துணையின்றி வெளியே போக மிகுந்த சிரமம் என்றும் இருந்தது. வெளியே போவதில் உள்ள சிரமத்தில் நடைபாதையின் பங்கு எவ்வளவு, கண்ணின் பங்கு எவ்வளவு? நடைபாதையின் குழியையும் என் கண் கணக்கிலேயே எழுதியிருந்தார்கள்.

இன்னொன்று. 1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இருவர், கடுமையான ஊனத்தோடு வாழ்பவர்களிடமே கேட்டபோது 54 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "ஊன முரண்". யாருக்கு முரண் என்று கேட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்து எடை கட்டியவருக்குத்தான்.

ஆக, என் துறையில் ஓர் அத்தியாயம் கூடியதாக நினைக்கவில்லை. எடை என்ற சொல்லைப் பார்த்தவுடன், யாரிடம் கேட்டு வாங்கிய எடை என்று கேட்கும் பழக்கம் வந்தது. அதை நான் மூட்டுவலி அட்டவணையிலும் கேட்கிறேன், பல்வலியிலும் கேட்கிறேன். ஜூலி மினிச் என்ற ஆய்வாளர் 2016-இல், விமர்சன ஊனவியலை ஆய்வுப்பொருளாக மட்டும் பார்க்காமல் ஆய்வுமுறையாகப் பாருங்கள் என்று எழுதியது இந்த அர்த்தத்தில்தான் என்று நினைக்கிறேன். தரவில் ஊனமுற்றவர் இருந்தால்தான் என்ற நிபந்தனை அங்கேயே விழுந்துவிடுகிறது.

இப்போது அந்த எண். 22 பதிவு செய்தீர்கள், 19 தேறியது என்கிறீர்கள். மூன்று ஏன் தேறவில்லை? யாருமே இல்லாத தரவா, யாரும் இல்லாமல் ஆக்கப்பட்ட தரவா? நீக்கல் பட்டியலைத் திறந்து பாருங்கள்.


நாடிபார்ப்பவன் எழுதியது:

நல்லா எழுதியிருக்கீங்க. வலிக்கு மட்டும் பதில் வரல.


நூல்கோடு எழுதியது:

நியாயம். அந்தச் சண்டை ஊனவியலுக்குள்ளேயே நடக்கிறது. ஊனம் முழுக்கச் சமூகம் செய்வது என்ற கறாரான வாதம் 1970-களில் பிரிட்டனில் எழுந்தது. சூசன் வெண்டெல் நாள்பட்ட நோயோடு வாழ்பவர், தத்துவ அறிஞர். வலியையும் களைப்பையும் எந்த அரசியலும் முழுதாகத் தீர்த்துவிடாது என்று 1996-இலேயே நீங்கள் சொன்னதைச் சொன்னார். சமூகவியலாளர் டாம் ஷேக்ஸ்பியரும் அப்படித்தான். மருத்துவம் வில்லன் என்று எனக்கும் தோன்றவில்லை. உங்களிடம் வருபவர் "பத்துக்கு ஏழு மாதிரி வலிக்குது" என்கிறாரே, அந்த ஏழு என்ற எண்ணை நீங்கள் கோப்பில் எழுதும்போது ஐந்தாக்குவது உண்டா? அந்த இடத்தைத்தான் நான் கேட்கிறேன்.


நாடிபார்ப்பவன் எழுதியது:

உண்டு. எல்லாரும் செய்வோம்.


மூன்றாமாண்டு எழுதியது:

நூல்கோடு சார், உங்கள் பதிலைப் படித்த அன்று ராத்திரி பழைய கோப்பைத் திறந்தேன். நீக்கல் பட்டியலில் மூன்றே வரி. பதிவு 5, செவித்திறன். பதிவு 11, பேச்சுக் குறைபாடு. பதிவு 14, பேச்சுக் குறைபாடு. என் கையெழுத்துத்தான். "இயல்பான பேச்சும் கேட்கும் திறனும் உடையவர் மட்டும்" என்ற நிபந்தனை என் படிவத்திலேயே இருந்திருக்கிறது. முன்னால் ஆய்வு செய்தவரின் படிவத்தை வாங்கித் தேதியை மாற்றிக்கொண்டேன், அந்த வரியைப் படித்த ஞாபகம்கூட இல்லை. "தேறியது" என்று இங்கேயும் எழுதியிருக்கிறேன் பாருங்கள். தேர்வு வைத்தது யார்?

14-ஆம் பதிவைப் போட்டுக் கேட்டேன். இருவரும் பழைய நண்பர்கள், ஒருவருக்குத் திக்கும். ஒரு சொல்லில் அவர் நின்றுவிடுகிறார். 4.1 விநாடி. என் மென்பொருள் அந்த இடத்தில் "பேச்சு முடிந்தது" என்று கோடு போட்டிருக்கிறது. நண்பர் வாய் திறக்கவே இல்லை. "ம்" கூட இல்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு அவர் சொல்லி முடிக்கிறார், அது ஒரு நகைச்சுவை, இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு வந்த இடைவெளியை அளந்தேன், 180 மில்லி விநாடி.

11-இல் இருவரும் அன்றைக்குத்தான் அறிமுகம். இவர் "எனக்கு அது ப... ப..." என்று நிற்க, 1.3 விநாடியில் எதிரில் இருப்பவர் "பயமா?" என்று எடுத்துக் கொடுக்கிறார். இவர் "ஆங், பயம்தான்" என்கிறார். பேச்சு பயத்தைப் பற்றிப் போய்விடுகிறது. எட்டு நிமிடம் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் "பழக்கம்னு சொல்ல வந்தேன்" என்கிறார். நான் மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.

இடைவெளி என்றால் இரண்டு பேச்சுகளுக்கு நடுவில் இருக்கும் காலி இடம் என்றுதான் இத்தனை நாள் அளந்துகொண்டிருந்தேன். 14-இல் அது காலி இல்லை, ஒருவர் அதைப் பிடித்து வைத்திருக்கிறார். இப்போது மற்ற 19-ஐயும் அப்படிக் கேட்கத் தோன்றுகிறது. இருகை கேட்ட கேள்விக்கும் இதே இடத்தில்தான் பதில் இருக்கும் போல, எதிலிருந்து அளப்பது என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

வழிகாட்டியிடம் இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை (அதை அளக்கவில்லை). "நீக்கல் விதியை மாத்தினா முதல் அத்தியாயத்தை மறுபடி எழுதணுமே" என்றார். ஒரு பத்தி என்பது ஓர் அத்தியாயம் ஆகிவிட்டது.


நூல்கோடு எழுதியது:

ஜோஷுவா செயின்ட் பியர் 2012-இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அவரும் திக்கிப் பேசுபவர். திக்கல் பேசுபவரின் வாயில் மட்டும் நடப்பதில்லை, கேட்பவரின் காதிலும் நடக்கிறது என்பது அவர் வாதம். உங்கள் 11-ஆம் பதிவுக்கு எழுதியதுபோலவே இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்த மூவரிடமும் மறுபடி அனுமதி கேளுங்கள். முதல் முறை கொடுத்தது வேறு ஆய்வுக்கு, அதிலிருந்தும் எடுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா? 11-ஆம் ஆளுக்கு அந்த எட்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டி, நடுவில் என்ன நடந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் பேசும்போது நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பிறகு அந்தப் "பழக்கம்" எந்தக் கேள்விக்குப் பதில், அதன் இடைவெளியை எங்கிருந்து எழுதினீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள். 1.3 விநாடியா, எட்டு நிமிடமா?